வயோலா வித்துவான் லயனல் டெர்ட்டிஸ்

மேனாட்டுச் சங்கீதத்தில் வில்லினால் வாசிக்கப்படும் தந்தி வாத்தியங்கள் முக்கியமாக நான்கு. அவற்றுள் பிடிலை நம்மவர் நன்கறிவர். பாலுஸ்வாமி தீக்ஷிதர் காலந்தொட்டு அது நம் கச்சேரி மேடையில் இடம் பெற்று, இப்பொழுது நம்முடைய வாத்தியமாகவே ஆகிவிட்டது. அதற்கு அடுத்ததான வயோலாவை நம்மில் கண்டவர் சிலரே. பார்வைக்கு அது சற்றுப் பெரிய பிடில் போன்றிருக்கும். தோளிலே சார்த்தி, தாடையால் அணைத்து வாசிக்க வேண்டியது. பிடிலின் அடித்தந்தியைப் பஞ்சமம் என்று வைத்துக்கொண்டால், அதற்குக் கீழேயுள்ள ஷட்ஜமே வயோலாவின் அடித்தந்தி. பிடிலின் பிரகாசம் இதற்கு இல்லை. செல்லோ என்னும் பெரிய வாத்தியத்தின் கம்பீரமும் இல்லை. இரண்டுக்கும் நடுவே, மூடுபனியில் கேட்கும் மனிதக் குரல் போன்ற ஒரு நாதம் இதற்குரியது.

இந்த வாத்தியத்துக்கு மேனாட்டில் இருந்த அந்தஸ்தை நியாயஸ்தலங்களில் பழகியவர்களுக்கு எளிதில் விளக்கிவிடலாம். கட்டுக்களைப் படித்து, தேதிகளைக் குறித்து, சட்டப் புத்தகங்களில் அடையாளக் காகிதம் வைத்து, வேண்டிய சமயத்தில் வேண்டியதை எடுத்து நீட்டுகிற ஜூனியர் வக்கீலின் ஸ்தானம் அது. வாதம் சீனியருடையது, கீர்த்தியும் அவருடையது, ஜூனியர் இல்லாவிட்டால்தான் வாதம் தடுமாறுவது தெரியும். நூறு பேர் அமர்ந்து வாசிக்கும் வாத்தியக் கோஷ்டியிலே வயோலாக்காரர்கள் நடுவில் இருந்துகொண்டு நடுஸ்தாயியை நிரப்பி வந்தார்கள். பிடிலில் தேறாதவனை வயோலாவுக்கு அனுப்புவது வழக்கம். தனியாக மேடையேறி வயோலா வாசிப்பது என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் பெரும்பாலோர் நினைத்தும் பாராத காரியம். மொஸார்ட்டும் பீதோவனும் இந்த வாத்தியத்தைத் தாமே வாசித்தவர்கள் என்பதும், மொஸார்ட் 1779-ம் வருஷத்தில் பிடிலையும் வயோலாவையும் சரியாசனத்தில் வைத்து ஒரு பெரிய கிருதி இயற்றினார் என்பதும் உண்மையே. ஆனால் அவ்வுதாரணங்கள் புஸ்தகத்தில் இருந்தனவேயன்றி மேடையில் இல்லை.

இந்நிலையை மாற்றுவதையே ஆயுட்காலப் பணியாகக் கொண்டு, பெரும்பாலும் வெற்றி பெற்றவர் லயனல் டெர்ட்டிஸ். அவருடைய சரித்திரத்தை நாம் எழுதப் புகுந்தது அவ்வெற்றியைப் போற்றுவதற்காக மாத்திரமன்று. அந்த வாத்தியத்துக்கென்று முப்பது வருஷம் வாசல் வாசலாகச் சென்று சாகித்தியம் கேட்டவர், கேட்டவற்றிலெல்லாம் சிறந்தது கைக்கு வந்தபொழுது அதை மறுதபாலில் திருப்பி அனுப்பினார். பிறகு அத்தவறை உலகறிய ஒப்புக்கொண்டார். பொது வாழ்வில் ஈடுபட்டவர்கள் கவனிக்கத்தக்க பாகம் அதுவே என்பது நம் எண்ணம்.

1876-ம் வருஷம் டிசம்பர் மாதம் 29-ந் தேதி, இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையிலுள்ள மேற்கு ஹார்ட்டில்பூல் என்னும் துறைமுகப் பட்டணத்தில் டெர்ட்டிஸ் பிறந்தார். அதே தினத்தில்தான் ஸ்பெயின் தேசத்தில் பாப்லோ கஸால்ஸ் பிறந்தார். செல்லோவுக்குக் கஸால்ஸ் தேடித் தந்த கௌரவத்தை வயோலாவுக்குத் தேடித் தந்தவர் டெர்ட்டிஸ் என்று பிற்காலத்தார் கூறுவதற்கு இந்தப் பிறந்தநாள் ஒற்றுமை வசதியாக அமைந்தது. டெர்ட்டிஸின் பெற்றோர் போலந்து, ருஷ்யப் பிரதேசங்களிலிருந்து குடிபெயர்ந்து வந்த யூதர்கள். தந்தையார் ஜெப ஆலயத்தில் துதிகளை ராகத்தோடு ஓதும் உத்தியோகத்தில் இருந்தவர். குழந்தை கைக்குழந்தையாக இருந்தபொழுதே குடும்பம் லண்டன் கிழக்குப் பகுதியில், அகதிகளும் கைத்தொழிலாளரும் நெருங்கி வாழும் ஸ்பிட்டல்பீல்ட்ஸ் வட்டாரத்துக்கு வந்து சேர்ந்தது.

பையனுக்கு முதலில் கற்பித்தது பியானோ. பிடில் வாசிக்க வேண்டுமென்பது அவன் ஆசை, அதற்குப் பணமில்லை. பதின்மூன்றாம் வயதில் வீட்டை விட்டு வெளியேறி, பியானோ வாசித்து ஜீவனம் செய்யத் தொடங்கினான். சில மாதம் சம்பாதிப்பது, அந்தப் பணத்தைக் கொண்டு லண்டன் டிரினிட்டி சங்கீதக் கலாசாலையில் ஒரு தவணை படிப்பது, கைப்பணம் தீர்ந்ததும் மறுபடி சம்பாதிக்கப் போவது, இப்படியே சில வருஷங்கள் சென்றன. பிறகு ஜெர்மனியில் லைப்ஸிக் நகரத்துச் சங்கீதக் கலாசாலைக்குச் சென்றார். அக்காலத்தில் ஜெர்மானியரிடம் கற்காதவனுக்கு இங்கிலாந்தில் மதிப்பில்லை. இங்கிலாந்தைச் சங்கீதமில்லாத தேசம் என்று ஜெர்மானியர் ஏளனம் செய்வதும், ஆங்கிலேயரே அதைப் பாதி நம்புவதும் அப்பொழுது சகஜமாயிருந்தது. உலகத்தின் ஒரு பெரும்பாகத்தை ஆண்ட ஜாதியாருக்கும் இப்படி ஒரு தாழ்வு மனப்பான்மை இருந்ததென்பது நம்மவர் சிலருக்கு ஆச்சரியமாயிருக்கலாம். லைப்ஸிக்கில் அவருக்குப் பெரும் பயன் விளையவில்லை. திரும்பி வந்து லண்டன் ராயல் அகாடமியில் சேர்ந்தார்.

அங்கேதான் திருப்பம் ஏற்பட்டது. உடன் படித்த பெர்ஸி ஹில்டர் மைல்ஸ் என்பவர் நால்வர் சேர்ந்து வாசிக்கும் குழு ஒன்றை அமைக்க விரும்பினார். இரண்டு பிடிலும் செல்லோவும் கிடைத்தன. வயோலா வாசிக்க ஆளில்லை. அகாடமியிலே அதைப் பொருட்படுத்திக் கற்றவர் யாருமில்லை. மைல்ஸ் வற்புறுத்தவே, பத்தொன்பது வயதான டெர்ட்டிஸ் ஒரு வயோலாவைக் கையில் எடுத்தார். சில வாரங்களில் அக்குழு அகாடமியின் தலைவரான ஸர் அலெக்ஸாண்டர் மக்கென்ஸியின் முன்னிலையில் வாசித்தது. வயோலா வாசித்தவர் யார், எவ்வளவு காலமாக வாசிக்கிறார் என்று மக்கென்ஸி விசாரித்தார். அதையே தொடர்ந்து பயிலும்படியும், அதனால் பின்னால் வருத்தப்பட நேராதென்றும் ஊக்கம் கூறினார். டெர்ட்டிஸ் அந்த வார்த்தையை ஏற்று, பிடிலை விட்டார்.

கற்றுக் கொடுப்பார் இல்லை. பிடில் ஆசிரியர்கள் வயோலாவையும் சேர்த்துக் கற்பிப்பதாகப் பெயர். அதற்கென்று தனி மார்க்கம் யாரும் வகுத்திருக்கவில்லை. ஆகவே டெர்ட்டிஸ் தமக்குத் தாமே ஆசிரியரானார். பெரிய பிடில் வித்துவான்களின் கச்சேரிகளுக்குச் சென்று கேட்டு, அவர்கள் செய்வதை வயோலாவில் செய்ய முடியுமா என்று அறையைச் சாத்திக்கொண்டு சோதித்துப் பார்த்தார். பிரிட்ஸ் கிரைஸ்லரின் வாசிப்பு அவரை ஆட்கொண்டது. இடது கை விரலின் இடைவிடாத அசைவினால் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் உயிரூட்டுகிற அந்த முறையை அவர் வயோலாவுக்குக் கொண்டுவந்தார். அதுவரை வயோலாக்காரர்கள் கழுத்துப் பலகையின் கீழ்ப்பாகத்திலேயே விரலை வைத்துத் திருப்தியடைந்திருந்தார்கள். மேல்ஸ்தாயிக்குப் போவது அதன் இயல்புக்கு விரோதமென்று பலர் கருதினார்கள். டெர்ட்டிஸ் பலகை முடியும் வரையில் போய் வாசித்துக் காட்டினார். பாராட்டியவர்களோடு முகம் சுளித்தவர்களும் இருந்தார்கள்.

ஸர் ஹென்ரி வுட் நடத்திய குவீன்ஸ் ஹால் வாத்தியக் கோஷ்டியில் சேர்ந்து, விரைவில் வயோலாப் பிரிவின் தலைமை ஸ்தானத்தை அடைந்தார். சம்பளமும் நிச்சயமும் உள்ள உத்தியோகம் அது. சில வருஷங்களில் அதை ராஜிநாமாச் செய்தார். கோஷ்டியில் இருக்கும் வரையில் வயோலா கோஷ்டி வாத்தியமாகவே இருக்கும், தனி வாத்தியமாகாது என்பது அவர் கண்ட முடிவு. அப்பொழுது இங்கிலாந்தில் தனி வயோலா வித்துவானாக ஜீவித்தவர் வேறொருவருமில்லை.

மேடையேறினால் எதை வாசிப்பது? இதுதான் முதற் கேள்வி. பிடிலுக்கும் பியானோவுக்கும் அலமாரி அலமாரியாகச் சாகித்தியம் இருந்தது. வயோலாவுக்கு ஒரு தட்டு நிரம்பவும் இல்லை. டெர்ட்டிஸ் இரண்டு வழிகளை மேற்கொண்டார். பிற வாத்தியங்களுக்கு இயற்றப்பட்டவற்றை வயோலாவுக்கு ஏற்றபடி மாற்றியமைப்பது ஒன்று. பாக் இயற்றிய பிடிலுக்குரிய சாக்கோன் என்ற பிரசித்தமான உருப்படியை அவர் வயோலாவில் வாசித்து, கிராமபோன் தட்டிலும் பதிவு செய்தார். இதைக் களவு என்று கண்டித்த விமர்சகர் உண்டு. வீட்டில் அரிசி இல்லாதவன் அண்டை வீட்டில் கடன் வாங்குவதைக் களவென்று சொல்வது எப்படிப் பொருந்துமென்று நமக்குத் தெரியவில்லை. இரண்டாவது வழி, தம்மோடு அகாடமியில் பழகிய இளம் சாகித்திய கர்த்தாக்களைப் பிடித்துக்கொண்டு புதியன எழுதச் செய்வது. ஜான் மக்யூவன் 1901-ம் வருஷத்தில் வயோலாவுக்கு ஒரு கன்சர்ட்டோ எழுதினார். யார்க் போவன் 1905-ல் இரண்டு ஸொனாட்டாக்களும், பிறகு ஒரு கன்சர்ட்டோவும் இயற்றிக் கொடுத்தார். கன்சர்ட்டோ 1908-ல் அரங்கேறியது. பெஞ்சமின் டேல் 1906-ல் ஒரு பெரிய தொகுப்பு எழுதினார்; 1911-ல் ஆறு வயோலாக்கள் சேர்ந்து வாசிக்கும் உருப்படி ஒன்றையும் எழுதினார். ஆறு வயோலா! சுமார் பதினைந்து வருஷத்துக்கு முன் அகாடமி முழுவதிலும் ஒன்று அகப்படாமல் தேடியதை இங்கே நினைவு கூர வேண்டும். அந்த ஆறு பேரும் வானத்திலிருந்து வரவில்லை. டெர்ட்டிஸும் அவர் தயாரித்த மாணாக்கர்களுமே அவர்கள்.

ஆசிரியர் என்ற முறையில் அவர் செய்த பணியை இங்கே சொல்ல வேண்டும். 1900-ம் வருஷத்தை ஒட்டி ராயல் அகாடமி அவரை வயோலா ஆசிரியராக நியமித்தது. ஸ்வர சுத்தம் என்ற விஷயத்தில் அவர் சிறிதும் தயவு காட்டாதவர். விரல் சரியான இடத்தில் விழுகிறதா என்பதைக் காது விடாமல் கவனிக்க வேண்டும், வேகம் பிறகு தானே வரும் என்பது அவர் கொள்கை. இதையும் நாத அழகைப் பற்றிய மற்ற விதிகளையும் 1938-ல் ஒரு சிறு புஸ்தகமாக வெளியிட்டார்; அதற்கு முன்னுரை வழங்கியவர் கிரைஸ்லர். அவரிடம் கற்றவர்களில் எரிக் கோட்ஸ் பிற்காலத்தில் மெல்லிசை இயற்றி இங்கிலாந்து முழுவதும் பெயர் பெற்றார். ரெபெக்கா கிளார்க் என்ற மாது அவரிடம் பாடம் கேட்டு, 1912-ல் குவீன்ஸ் ஹால் கோஷ்டியில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்ட பெண்களில் ஒருவரானார். 1919-ல் அமெரிக்காவில் நடந்த சாகித்தியப் போட்டி ஒன்றில், பெயர் மறைத்து அனுப்பப்பட்ட அநேகம் கிருதிகளில் இரண்டு சமமான வாக்குப் பெற்றன. ஒன்று எர்னஸ்ட் பிளாக்குடையது. மற்றது இந்த மாதினுடைய வயோலா ஸொனாட்டா. போட்டியை நடத்திய சீமாட்டி பிளாக்குக்கே பரிசளித்துவிட்டார். இரண்டாவதாக வந்ததை எழுதியவர் ஒரு பெண் என்று தெரிந்தபொழுது நடுவர்கள் திகைத்தார்களாம். அந்த ஸொனாட்டா இன்று வயோலா கற்போர் அனைவரும் வாசிக்கும் உருப்படி.

முதல் உலக யுத்தத்தில் பெல்ஜியத்திலிருந்து லண்டனுக்கு ஓடிவந்த வித்துவான்களோடு டெர்ட்டிஸ் நெருங்கிப் பழகினார். அவர்களில் தலைசிறந்தவர் பிடில் மேதை யூஜீன் இஸாயி. யுத்தம் முடிந்தபின் அவர் கீர்த்தி அமெரிக்கா வரையில் பரவியது. மொஸார்ட்டின் அந்த 1779-ம் வருஷத்துக் கிருதியை, முன்பு யாரைத் தூரத்திலிருந்து கேட்டுக் கற்றாரோ அந்தக் கிரைஸ்லரோடு சரிசமமாக நின்று வாசித்தார். அதே கிருதியை ஆல்பர்ட் ஸாமன்ஸ் என்ற ஆங்கிலப் பிடில் வித்துவானோடு 1933-ல் தட்டில் பதிவு செய்தார். அதை இன்றும் கேட்கலாம்.

வாத்தியத்தின் அமைப்பிலேயே ஒரு சங்கடம் உண்டு. பிடிலின் உடல் ஏறக்குறைய 14 அங்குலம். சுருதி ஒரு பஞ்சமம் தாழ வேண்டுமானால், கணக்குப்படி உடல் ஒன்றரை மடங்கு, அதாவது 21 அங்குலம் இருக்க வேண்டும். அவ்வளவு நீளத்தைத் தோளில் வைத்து வாசிக்க மனிதக் கை போதாது. கைக்காகக் குறைத்தால் நாதம் குறைகிறது. நாதத்துக்காகக் கூட்டினால் கை ஒடிகிறது. டெர்ட்டிஸ் நாதத்தின் பக்கமே நின்றார். 1920-ல் பாரிஸ் நகரத்தில் ஒரு பழைய வயோலாவை அவருக்குக் காட்டினார்கள். வெனிஸ் நகரத்து மொண்டன்யானா 1717-ல் செய்தது என்று கருதப்பட்ட அது, குதிரையும் தந்தியும் விரற்பலகையும் இல்லாமல் வெறுங்கூடாகக் கிடந்தது. நீளம் 17 அங்குலத்துக்குச் சற்று அதிகம். வாசித்துப் பார்க்க வழியில்லாமலே வாங்கிவிட்டார். அந்த அளவுக்குப் பெட்டி அகப்படாததால், அவர் மனைவி தம் மழைச்சட்டையைக் கழற்றி அதில் வாத்தியத்தைச் சுற்றிக் கால்வாயைக் கடந்து கொண்டுவந்தார். பழுது பார்த்தபின் அதன் நாதம் அவர் எதிர்பார்த்ததற்கும் மேலாக இருந்தது. பதினேழு வருஷ காலம் அதையே வாசித்தார். அதற்கு அவர் கை கொடுத்த விலையைப் பின்னர்ச் சொல்வோம்.

இனி வால்டன் விஷயம். 1920-க்கு மேல் இங்கிலாந்தின் பெரிய சாகித்திய கர்த்தாக்களும் டெர்ட்டிஸுக்காக எழுதலானார்கள். ஆர்னால்ட் பாக்ஸ் ஒரு ஸொனாட்டாவும், வான் வில்லியம்ஸ் 1925-ல் ஒரு தனிச்சிறப்பான கிருதியும் அளித்தார்கள். 1929-ம் வருஷத்தில் அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. வயோலா உலகத்தில் அவருக்கு மேல் ஆளில்லை. அப்பொழுது வில்லியம் வால்டன் என்ற இருபத்தாறு வயது இளைஞர், ஸர் தாமஸ் பீச்சம் கூறிய யோசனைப்படி, டெர்ட்டிஸை மனத்தில் வைத்து ஒரு வயோலா கன்சர்ட்டோ இயற்றி அவருக்கு அனுப்பினார். டெர்ட்டிஸ் அதைப் புரட்டிப் பார்த்தார். ஸ்வரச் சேர்க்கைகள் காதுக்குக் கரடுமுரடாகப் பட்டன, தாளக்கட்டு பிடிபடவில்லை. இது நமக்கு ஆகாது என்று மறுதபாலிலேயே திருப்பிவிட்டார்.

வால்டன் மனமுடைந்தார். தனித்து நின்று வாசிக்கும் வயோலாக்காரர் வேறு யார் இருக்கிறார்? இருந்தவர் ஒரு ஜெர்மானியர். பால் ஹிண்டெமித் என்பவர். சாகித்திய கர்த்தாவாகவும் வயோலா வாசிப்பவராகவும் இருந்த அவருக்குக் கையெழுத்துப் பிரதி போயிற்று, அவர் ஒப்புக்கொண்டார். 1929-ம் வருஷம் அக்டோபர் 3-ந் தேதி, டெர்ட்டிஸ் ஒரு காலத்தில் உத்தியோகம் பார்த்த அதே குவீன்ஸ் ஹாலில், வால்டன் கோஷ்டியை நடத்த, ஹிண்டெமித் வாசித்து, இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த வயோலா கன்சர்ட்டோக்களில் ஒன்று அரங்கேறியது. டெர்ட்டிஸ் சபையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

கட்சிக்காரர் தரப்பில் சொல்லக்கூடியதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். முதலாவது, அவர் காது ஒரு தலைமுறைக்கு முந்திய சங்கீதத்தில் பழகியது. இரண்டாவது, அக்காலத்தில் வால்டன் விநோதமான ஒரு வேடிக்கைக் கிருதியினால் பெயர் வாங்கியிருந்தாரேயன்றி, கனமான சாகித்தியத்துக்குப் பிரசித்தி பெற்றிருக்கவில்லை. மூன்றாவது, தமக்குப் புரியாததை வாசித்துக் கெடுப்பதைவிட மறுப்பது நேர்மை. இம்மூன்றும் சரியே. ஆயினும் தீர்ப்பு அவருக்கு விரோதமாகவே போகும். இந்த வாத்தியத்துக்கு எழுதுங்கள், எழுதுங்கள் என்று முப்பது வருஷமாக முறையிட்டவர், எழுதி வந்ததை ஒரு வாரம் வைத்துப் பார்க்கக் கூடாதா? ஓர் இயக்கத்தைத் தோற்றுவித்து வளர்த்தவர்களுக்கு நேரும் அபாயம் இது. பல வருஷம் தனியே பாடுபட்டவனுக்கு, இயக்கம் தன் ருசியின் எல்லைக்குள்ளேயே இருக்குமென்ற நினைப்பு அறியாமலே வந்துவிடுகிறது. அடுத்த தலைமுறை தன் பாஷையில் பேசத் தொடங்கும்பொழுது அதைக் கலகம் என்று எண்ணிக் கதவைச் சாத்திவிடுகிறான். அரசியல் சபைகளில் இதைப் பார்த்தவர்களுக்கு நாம் விவரிக்க வேண்டியதில்லை.

டெர்ட்டிஸ் கதவைச் சாத்தினாரேயன்றித் தாளிடவில்லை. அந்தக் கன்சர்ட்டோவைத் தருவித்து உட்கார்ந்து படித்தார்; பயிற்சி செய்தார். அடுத்த வருஷமே, 1930 செப்டம்பரில், பெல்ஜியத்தில் லியேஜ் நகரத்தில் கூடிய சர்வதேச நவீன சங்கீத விழாவில் வால்டன் கோஷ்டியை நடத்த, டெர்ட்டிஸ் அதை வாசித்தார். அதன்பின் பல மேடைகளில் வாசித்தார். முதலில் மறுத்தது தம் பிழையென்றும், அதை நினைக்க வெட்கமாயிருக்கிறதென்றும் சிநேகிதர்களிடம் சொன்னதோடு நில்லாமல், பிற்காலத்தில் அச்சிலும் ஏற்றினார். யாரும் அவரைக் கேட்கவில்லை. சும்மா இருந்திருந்தால், வால்டனுடைய கன்சர்ட்டோவை வாசித்துப் பரப்பியவர் என்ற பெயர் மாத்திரமே நின்றிருக்கும்.

இப்படிப்பட்ட கதை வயோலாவுக்கு இது முதல் தடவையன்று. பிடில் சக்கரவர்த்தி பாகனினி ஒரு நல்ல வயோலா தம் கைக்கு வந்ததும், பிரெஞ்சு சாகித்திய கர்த்தா பெர்லியோஸை அணுகித் தமக்காக ஒரு கிருதி எழுதும்படி கேட்டார். எழுதியதைப் பார்த்ததும், தாம் வாசிக்காமல் சும்மா நிற்க வேண்டிய இடங்கள் அதிகம் என்று கூறி ஒதுங்கிவிட்டார். இத்தாலியில் ஹெரால்ட் என்ற அக்கிருதி 1834-ல் வேறொருவரால் வாசிக்கப்பட்டது. நான்கு வருஷங்களுக்குப் பின், 1838 டிசம்பரில், பாகனினி அதை முதன்முதலாகக் கேட்டார். கச்சேரி முடிந்ததும் மேடையிலேயே பெர்லியோஸின் முன் மண்டியிட்டார்; பிறகு 20,000 பிராங்க் அனுப்பினார். பாகனினியிடம் பணமிருந்தது. டெர்ட்டிஸிடம் இருந்தது வயோலாவும் அதை வாசிக்கும் கையுமே. அவற்றைக் கொண்டு கடனைத் தீர்த்தார்.

1930-ம் வருஷம் மார்ச் 21-ந் தேதி மற்றொரு பெருமை கிடைத்தது. ஸர் எட்வர்ட் எல்காரின் செல்லோ கன்சர்ட்டோவை டெர்ட்டிஸ் வயோலாவுக்கு மாற்றியிருந்தார். எல்கார் அதை அங்கீகரித்ததோடு, குவீன்ஸ் ஹாலில் தாமே கோஷ்டியை நடத்தினார். கண்பார்வையும் கைகால் வலுவும் இழந்து பிரெஞ்சுக் கிராமமொன்றில் படுத்திருந்த டீலியஸின் வீட்டுக்குச் சென்று, அவருடைய கிருதிகளை வயோலாவில் வாசித்துக் காட்டினார். 1933-ல் குஸ்தாவ் ஹோல்ஸ்ட் அவருக்கென்று ஓர் உருப்படி இயற்றினார். இந்த ஹோல்ஸ்ட் ஸம்ஸ்கிருதம் பயின்று ரிக் வேதத் துதிகளைத் தாமே மொழிபெயர்த்து இசையமைத்தவர், சாவித்திரி சரித்திரத்தைச் சங்கீத நாடகமாக்கியவர் என்பதை நம் நேயர்கள் அறிய விரும்பலாம். டெர்ட்டிஸுக்கு எழுதியதே அவருடைய கடைசிக் கிருதிகளில் ஒன்று. 1934 மே மாதத்தில் அவர் காலமானார்.

இதற்குள் வலது கை கணக்குத் தீர்க்கத் தொடங்கியது. பெரிய வயோலாவைப் பல வருஷம் தாங்கி வாசித்த உடம்பில் வாத நோய் புகுந்து, வில் பிடிக்கும் தோளையும் கையையும் பற்றியது. 1937-ல் பி.பி.ஸி. வாத்தியக் கோஷ்டியோடு, எர்னஸ்ட் அன்ஸெர்மே நடத்த, ஒரு கச்சேரியில் இரண்டு கிருதிகளை வாசித்தார். ஒன்று வால்டனுடைய கன்சர்ட்டோ. மற்றது பெர்லியோஸின் ஹெரால்ட். அதாவது, ஒன்று தாம் மறுத்தது. மற்றது பாகனினி மறுத்தது. தெரிந்து செய்தாரோ, தற்செயலோ! அதன்பின் மேடையை விட்டு விலகுவதாக அறிவித்தார். மொண்டன்யானா வயோலாவைத் தம் மாணாக்கர் பெர்னார்ட் ஷோருக்கு விற்றுவிட்டார்.

ஒய்வு பெற்றவர் ஓய்ந்திருக்கவில்லை. தம் கையைக் கெடுத்தது பிறர் கையையும் கெடுக்கக் கூடாதென்று எண்ணி, நாதம் குறையாமல் அளவைக் குறைக்க வழி தேடினார். டெவன் பிரதேசத்தில் கிரெடிட்டன் என்ற சிற்றூரில் ஆர்தர் ரிச்சர்ட்ஸன் என்னும் வாத்தியம் செய்யும் தொழிலாளர் இருந்தார். இருவரும் கூடி 16¾ அங்குல நீளத்தில் ஒரு புதிய வயோலாவை வகுத்தார்கள். அகலத்தையும் பக்கப்பலகையின் உயரத்தையும் மாற்றி, உள்ளே காற்று நிற்கும் இடத்தைக் கூட்டியதே அதன் சூக்ஷ்மம். அதற்கு டெர்ட்டிஸ் மாதிரி என்று பெயர். அதன் வரைபடத்தைப் பெட்டியில் பூட்டி வைக்காமல், செய்ய விரும்பிய தொழிலாளருக்கெல்லாம் கிடைக்கச் செய்தார். பல தேசங்களில் அது செய்யப்பட்டது. கையும் ஓரளவு குணமாயிற்று. இரண்டாவது யுத்த காலத்தில் இந்தப் புது வயோலாவோடு மறுபடி மேடையேறி, எண்பத்தைந்து வயதைத் தாண்டியும் வாசித்தார்.

இதற்கிடையில், அவர் வாசிப்பைக் கேட்டு ஊக்கங்கொண்ட வில்லியம் பிரிம்ரோஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் பிடிலை விட்டு வயோலாவுக்கு வந்து உலகப் புகழ் பெற்றார். ஹங்கேரி தேசத்துப் பார்டாக் தம் கடைசி நாட்களில் பிரிம்ரோஸுக்காகவே ஒரு கன்சர்ட்டோ எழுதத் தொடங்கி, அது முடியாமலே 1945-ல் இறந்தார். பிறர் பூர்த்தி செய்து 1949-ல் அரங்கேறியது. தேடிப்போய்க் கேட்க வேண்டிய காலம் மாறி, சாகித்தியம் தானே வயோலாவைத் தேடி வரும் காலம் வந்துவிட்டது. 1950-ல் அரசாங்கம் டெர்ட்டிஸுக்கு ஸி.பி.ஈ. பட்டம் வழங்கியது. 1951-ல் மழைச்சட்டையைக் கழற்றிக் கொடுத்த மனைவி காலஞ்சென்றார்; 1959-ல் லில்லியன் வார்மிங்டன் என்ற செல்லோ வித்துவாம்சினியை மணந்தார். அவர் பெயரால் 1980 முதல் மான் தீவில் சர்வதேச வயோலாப் போட்டி நடைபெறலாயிற்று.

1953-ல் வெளியிட்ட தம் முதல் நினைவுநூலை விரித்து, 1974-ல், தொண்ணூற்றேழு வயதில், வயோலாவும் தாமும் என்ற பொருள்படும் தலைப்பில் மற்றொரு நூலாக எழுதினார். அதிலும் 1929-ம் வருஷத்துச் சம்பவத்தை விட்டுவிடவில்லை. அடுத்த வருஷம் பிப்ரவரி 22-ந் தேதி, லண்டனைச் சேர்ந்த விம்பிள்டனில் அவர் காலமானார்.